பாண்டியின் ஃபார்ம் பதினாறு

மே/பா 99 ஏ.பி.ஓ.
18.6.2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பேரன் பாண்டிமுருகன் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முழங்கால் இப்போது மடக்க வருகிறதா? அம்மா புதுவயல் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாளா, அப்பா லாரியை எந்தப் பக்கம் ஓட்டுகிறார் என்று எழுதவும். எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இத்துடன் சில காகிதங்கள் வைத்திருக்கிறேன். இதற்கு ஃபார்ம் பதினாறு என்று பெயர். போன பங்குனி முடிய ஒரு வருடத்தில் எனக்கு எவ்வளவு சம்பளம், அதில் எவ்வளவு வருமான வரி பிடித்தார்கள் என்று எங்கள் பட்டாளத்துச் சம்பள ஆபீசில் எழுதித் தருவது. போன தடவை லீவில் வந்தபோது நானே காரைக்குடி போய் ஆடிட்டர் முத்துராமனிடம் கொடுத்துக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டேன். இந்தத் தடவை நீங்கள்தான் போகவேண்டும். என் ஆதாரோடு சேர்த்திருப்பது நம் வீட்டுப் போன் நம்பர். அதனால் ஓடிபி அங்கேதான் வரும். வீட்டுக்கடன் வட்டிச் சீட்டும் எல்.ஐ.சி. ரசீதும் பீரோவில் நீலப் பைக்குள் இருக்கின்றன. செப்டம்பர் பதினைந்துக்குள் முடிக்கவேண்டும்.

நீங்கள் ஒன்றும் படித்துப் பார்த்துச் சிரமப்பட வேண்டாம். அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நான் இருக்கும் இடத்தில் இன்னமும் போன் பேச அனுமதி இல்லை. அதனால் கடிதமே போடுங்கள். வேளைக்கு மாத்திரை போடவும்.

உங்கள்
பாண்டி


கொத்தமங்கலம்
27.6.2025

என் தங்கம் பாண்டிக்கு,

அப்பத்தா சோணையம்மாள் எழுதிக்கொண்டது. முழங்கால் காலையில் முரண்டு பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் அப்பன் நெல்லூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான். உன் ஆத்தாள் நாச்சியாருக்கு மில்லில் கூலி இருபது ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். உனக்குச் சளி கிளி இல்லையே?

காகிதம் வந்தது. படிக்கவேண்டாம் என்று எழுதிவிட்டால் நான் படிக்காமல் இருப்பேனா? அஞ்சாப்பு வரை படித்தவள். இங்கிலீஷில் பெரிய எழுத்தும் எண்ணும் தெரியும். மற்றதற்கு நம் தெரு ரிட்டயர்டு அவில்தார் அழகுசுந்தரம் இருக்கிறான். அவனும் நானும் மூன்று நாளாக அதை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கேள்வி கேட்கிறேன், பதில் எழுது.

ஒன்று, உனக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். அதில் வரி என்று திருப்பி எடுத்துக்கொள்வதும் அரசாங்கம். அப்படியானால் முதலிலேயே குறைத்துக் கொடுத்துவிட்டால் இத்தனை காகிதமும் ஆடிட்டரும் எதற்கு? அழகுசுந்தரத்திடம் கேட்டேன். "அத்தை, இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல இருந்தும் எனக்கு இது தோணலையே" என்கிறான்.

அடுத்தது, மலையில் குளிரில் நிற்பதற்கு ஒரு படி கொடுக்கிறார்களாம். அதற்கும் வரி உண்டா? அழகுசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வருடம் பூராவும் மலையில் இருந்தால் இதைவிடக் கூட வரவேண்டும், ஏழு மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்கிறான். மீதி ஐந்து மாதத்தை யார் தின்றது? கேட்டு வாங்கு.

இதுதான் முக்கியம். அவனுடைய பழைய ஃபார்ம் பதினாறையும் உன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனிடம் இருக்கிற கட்டமெல்லாம் உன்னிடம் இருக்கிறது. உன்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 80U என்று போட்டு அதற்கு நேரே எழுபத்தைந்தாயிரம். அந்த எழுபத்தைந்தாயிரத்துக்கு உனக்கு வரியே இல்லை. அழகுசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டான். "அத்தை, இது எனக்கு வராத கட்டம். மெடல் வாங்குனவுக பணத்துக்குத்தேன் தனிச் சலுகை உண்டும்பாக. பய ஏதோ பெருசாப் பண்ணியிருக்கான், உங்ககிட்டச் சொல்லாம இருக்கான்" என்றான்.

ஏன்டா பாண்டி, மெடலா? என்ன செய்தாய்? யாரைக் காப்பாற்றினாய்? ஒன்றுவிடாமல் எழுது.

வயிறு வாடாமல் சாப்பிடு.

அப்பத்தா
சோணையம்மாள்


மே/பா 99 ஏ.பி.ஓ.
8.7.2025

அப்பத்தாவுக்கு,

பாண்டி வணங்கி எழுதுவது. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். நான் சுகம்.

உங்கள் முதல் கேள்வியை எங்கள் கிளார்க் ஐயாவிடம் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: ஒருத்தனுக்கு வீட்டுக்கடன் இருக்கும், ஒருத்தனுக்கு இருக்காது. ஒருத்தன் எல்.ஐ.சி. கட்டுவான், ஒருத்தன் கட்டமாட்டான். ஒரே சம்பளம் வாங்கினாலும் ஆளுக்கு ஆள் வரி மாறும். அதனால் முதலிலேயே ஒரே அளவாகக் குறைக்க முடியாது. பட்டாளத்தான் என்றாலும் வரி வரிதான். உங்கள் கேள்வியை டெல்லிக்கு அனுப்பலாம் என்றார்.

குளிர்ப் படிக்கு ஓர் அளவு வரை வரி கிடையாது, அந்த அளவுக்கு மேல் உண்டு. வெயில் அடிக்கும் இடத்துக்குப் படியே கிடையாது. கொத்தமங்கலத்தில் சித்திரை மாதம் இருப்பதற்குத்தான் முதலில் படி கொடுக்கவேண்டும் என்று நான் சொன்னேன்.

மற்றதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அழகுசுந்தரம் மாமாவைத் தொந்தரவு செய்யவேண்டாம். காகிதத்தைச் சீக்கிரம் காரைக்குடியில் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவை மழை நேரத்தில் மில் லாரியில் தொற்றிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பாண்டி


கொத்தமங்கலம்
24.7.2025

கண்ணு பாண்டிக்கு,

அப்பத்தா எழுதுவது. ஆடிக் காற்றில் வாசல் முழுக்கப் புழுதி. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். உனக்கு ராத்தூக்கம் உண்டா?

இரண்டு கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிவிட்டு மூன்றாவதைத் தாண்டிப் போய்விட்டாய். மெடலா என்று கேட்டேன். ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அழகுசுந்தரம் சொல்கிறான், எல்லைப் பக்க விஷயங்களைக் கடிதத்தில் எழுதக்கூடாதாம், பிரித்துப் படிப்பார்களாம். "இல்லைன்னா இல்லைன்னு எழுதியிருப்பான்ல அத்தை? எழுதாமப் போனதே பதிலு" என்கிறான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டு விசாலம் மகன் சிங்கப்பூரிலிருந்து டி.வி. அனுப்பினான் என்று ஆறு மாதமாக என் காதைத் தின்றுகொண்டிருந்தாள். "ஏத்தா விசாலம், ஒம் மகென் டி.வி. அனுப்புனான். எம் பேரனுக்குக் கவர்மெண்டே எழுபத்தஞ்சாயிரத்துக்கு வரி வேணாம்னு விட்டுக்குடுத்திருக்கு, தெரியுமா?" என்றேன். விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

பேச்சு ஊருக்குள் போய், நேற்றுப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். ஆகஸ்டு பதினைந்துக்குக் கொடியை நான் ஏற்றவேண்டுமாம். இளைஞர் மன்றத்துப் பையன்கள் உன் யூனிபார்ம் படத்தை வாங்கிப் போனார்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம். "வீரத்துக்காக அரசே வரியை விலக்கிய எங்கள் ஊர்ச் சிங்கம்" என்று எழுதுவார்களாம். சிங்கம் கொஞ்சம் பழசாக இல்லையா என்று கேட்டேன். அதுதான் எடுபடும் பாட்டி என்றார்கள்.

ஆடிட்டரிடம் இன்னும் போகவில்லை. கொடி ஏற்றி முடித்துவிட்டு, அந்தப் பெருமையோடு போய் உட்காரலாம் என்று இருக்கிறேன்.

பொழுதோடு தூங்கு. தலைக்கு எண்ணெய் வை.

அப்பத்தா


மே/பா 99 ஏ.பி.ஓ.
11.8.2025

அப்பத்தாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மெடல் எதுவும் இல்லை. ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். அந்த 80U கட்டத்தை விட்டுவிட்டு மீதியைத் தாக்கல் செய்யும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள். கூடுதலாக என்ன வரி வந்தாலும் கட்டிவிடலாம். முன்பே எழுதியிருக்கவேண்டும். முடியவில்லை.

பாண்டி


கொத்தமங்கலம்
16.8.2025

என் சிங்கத்துக்கு,

அப்பத்தா எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்றுக் கொடி ஏற்றினேன். நாச்சியார் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள். கொடி முடிச்சு அவிழாமல் இரண்டு தடவை இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் விரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். உன் ஆத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் என்ன பேச? "எம் பேரன் பேசவேண்டியது. அவன் பேசமாட்டான். அவன் பண்ணுனதை அவன் வாயால சொல்லமாட்டான்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்த வாரம் காரைக்குடி போகிறேன். சாப்பாட்டை விடாதே.

அப்பத்தா


கொத்தமங்கலம்
20.8.2025

பாண்டிக்கு,

அப்பத்தா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உனக்கு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. கொடி ஏற்றி மூன்று நாள் கழித்து. மெடல் இல்லை என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சரி, மெடல் இல்லையென்றால் அது என்ன எழுபத்தைந்தாயிரம் என்று தெரிய வேண்டாமா? நேற்று முதல் பஸ்ஸில் காரைக்குடி போனேன்.

ஆடிட்டர் ஆபீசில் பூஜா என்று ஒரு பெண் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறது. அதுதான் காகிதத்தை வாங்கியது. "என் பேரனுக்கு இந்தக் கட்டம் எதுக்கு தாயி வந்துச்சு?" என்றேன். அது படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது, மறுபடி காகிதத்தைப் பார்த்தது. எழுந்து உள்ளே போய் ஆடிட்டரையே கூட்டிவந்துவிட்டது.

முத்துராமன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இது ஊனம் உள்ளவுகளுக்கு உள்ள சலுகை. வரி கட்டுறவருக்கே உடம்புல நாப்பது சதவீதத்துக்கு மேல குறை இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்தாத்தான் இது கிடைக்கும். உங்க பேரனுக்கு என்ன?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார், இப்போது கமிஷனுக்கு ஆசைப்பட்டுச் சில ஏஜெண்டுகள் சம்பளக்காரர்களை ஏமாற்றி, இல்லாத ஊனம், கொடுக்காத நன்கொடை என்று எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கித் தருகிறார்களாம். பட்டாளத்துப் பிள்ளைகளும் மாட்டியிருக்கிறார்களாம். பொய் என்று பிடிபட்டால் அபராதத்தோடு போகாது, வேலைக்கே உலை வைத்துவிடும் என்றார். உண்மை என்றால் சர்டிபிகேட் நம்பர் வேண்டும். செப்டம்பர் பதினைந்து தாண்டினால் உண்மையாக இருந்தாலும் அந்தச் சலுகையைக் கேட்க முடியாதாம்.

பாண்டி, இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று நீ பொய்யாக ஊனம் எழுதியிருக்கிறாய். அல்லது உனக்கு என்னவோ ஆகி எங்களிடம் மறைத்திருக்கிறாய். எது?

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை, அதே கோழிக்கிறுக்கல். ஆகக் கை இருக்கிறது. கோடு விலகாமல் எழுதியிருக்கிறாய். கண்ணும் இருக்கிறது. காலா? நடக்கிறாயா?

கட்டத்தை விட்டுவிடச் சொல்கிறாய். ஆடிட்டரும் விட்டுவிடலாம் என்கிறார். ஆனால் போன் என்னிடம் இருக்கிறது. ஓடிபி என் போனுக்குத்தான் வரும். நீ நிஜத்தை எழுதாமல் நான் அதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.

சாப்பிட்டாயா என்று கேட்கவும் மனசு வரவில்லை. கேட்கிறேன். சாப்பிட்டாயா?

அப்பத்தா


மே/பா 99 ஏ.பி.ஓ.
27.8.2025

அப்பத்தாவுக்கு,

பாண்டி எழுதுவது. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக நடக்கிறேன்.

ஆடிட்டர் சொன்னதுதான் சரி. ஓர் ஏஜெண்டு வந்தான். ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொய்தான். தப்பு என்னுடையது. என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஓடிபியைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டம் இல்லாமல் தாக்கல் செய்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு வராது.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசவேண்டாம். மாத்திரையை மறக்காதீர்கள்.

பாண்டி


கொத்தமங்கலம்
3.9.2025

பாண்டிக்கு,

அப்பத்தா எழுதுவது. கால் பரவாயில்லை. மாத்திரை போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று மறுபடி காரைக்குடி போனேன். எனக்கு அது ஒப்பவில்லை. நீ சின்ன வயசில் பொய் சொன்னால் மூன்று பொய்யாகச் சொல்லுவாய், ஒன்றோடு நிற்கமாட்டாய். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துவிட்டாய்.

அந்தப் பூஜா பெண்தான் பிடித்தது. கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். "பாட்டி, ஏஜெண்டு பொய் எழுதுறதுன்னா நாம தாக்கல் பண்ணுவோம்ல, அதுலதான் எழுதுவான். இது ஃபார்ம் பதினாறு. சம்பள ஆபீஸ் குடுத்தது. சர்டிபிகேட்டைப் பாக்காம அவுக இதைப் போடமாட்டாக" என்றது. ஆடிட்டரும் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் அவசரப்பட்டுட்டேன் அம்மா என்றார்.

பொய் சொன்னேன் என்று நீ சொன்னதுதான் பொய்.

இன்று காலையில் அழகுசுந்தரத்தை உலுக்கி எடுத்தேன். அவன் யார் யாரையோ பிடித்து உங்கள் யூனிட் நம்பரை வாங்கிப் போன் போட்டுக் கொடுத்தான். எடுத்தது காளிதாஸ் என்று ஒரு பையன், தென்காசிப் பக்கமாம். பாண்டிமுருகனோட அப்பத்தா பேசுறேன், அவனக் கூப்புடுய்யா என்றேன். "பாண்டியண்ணனா? இங்கதான் இருக்காரு பாட்டி. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக் காட்டுறேன்" என்றான்.

"எழுதி எதுக்குய்யா காட்டணும்? அவன்ட்டக் குடு."

அந்தப் பக்கம் யாரையோ தள்ளிப் போகச் சொன்னான். பிறகு, "பாட்டி, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியாது என்று சொன்னால் வைத்துவிடுவான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "தெரியாம என்ன, எல்லாம் எழுதியிருக்கான். இப்பத் தேவலையான்னுதேன் கேக்கப் போட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பொய் சொன்னதில்லை, குரல் நடுங்கவே இல்லை.

"மிஷின் வச்சா பக்கத்துல பேசுறது கொஞ்சம் கேக்குது பாட்டி. போன்ல ஒண்ணும் வெளங்காது. அந்த வெடிக்கு உசுரு பொழச்சதே பெருசுன்னு டாக்டர் சொன்னாரு" என்றான் அந்தப் பிள்ளை.

நான் போனை அழகுசுந்தரத்திடம் கொடுக்கப் போனேன். கொடுக்காமல் திரும்பக் காதில் வைத்துச் சொன்னேன், "எழுதிக் காட்டு. அப்பத்தா ஓடிபி குடுக்கலை, சர்டிபிகேட் நம்பர் வந்தாத்தேன் குடுப்பாளாம்னு எழுது."

காட்டினானா?

போன வருடம் ஐப்பசியிலிருந்து நீ போன் பேசவில்லை. இடம் மாற்றிவிட்டார்கள், அனுமதி இல்லை என்றாய். லீவு இல்லை என்றாய். எல்லாவற்றையும் நம்பினேன். அரசாங்கத்துக்கு ஒரு கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாய், அப்பத்தாவுக்கு எழுதவில்லையே.

நம்பரை அனுப்பு. அந்த எழுபத்தைந்தாயிரம் உனக்கு உள்ளது. அதை விட்டுக்கொடுத்து, உன்னைப் பொய்யன் ஆக்கி நான் தாக்கல் செய்யமாட்டேன்.

பத்திரமாக இரு.

அப்பத்தா


மே/பா 99 ஏ.பி.ஓ.
8.9.2025

அப்பத்தாவுக்கு,

பாண்டி வணங்கி எழுதுவது. காளிதாஸ் எழுதிக் காட்டினான். நீங்கள் அவனை ஏமாற்றிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் அவன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவனைக் கோபிக்கவில்லை. ஸ்பீடு போஸ்டில் சர்டிபிகேட் நகல் வைத்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் பீரங்கிப் பயிற்சி. குண்டு பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டது. எனக்கு மேல்காயம்தான். எழுந்து நின்றேன். எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் மிஷின் வைத்தால் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். அதற்குப் பிறகு மலைக்கு அனுப்பவில்லை, கீழே ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் கேட்ட அந்த ஐந்து மாதப் படியை யாரும் தின்னவில்லை.

போனில் பேசாததற்கு அது மட்டும் காரணமில்லை. பேசும்போது என் குரல் எனக்கே தெரிவதில்லை. கத்துகிறேனா முனகுகிறேனா என்று எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் முகம் ஏது?

கிளார்க் ஐயா அந்தக் கட்டத்தில் எழுதும்போது வேண்டாம் என்றேன். உனக்கு உள்ளதை நீ விட்டால் யாருக்கு லாபம் என்று எழுதிவிட்டார். நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். படித்தால் புரியாது என்று நினைத்தேன். மெடல் என்று நீங்கள் எழுதியபோது இல்லை என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். பிறகு ஃப்ளெக்ஸ் என்றீர்கள். பொய்யன் என்று நீங்கள் கோபப்படுவதைத் தாங்கிக்கொள்ளலாம், செவிடன் என்று அழுவதைத் தாங்க முடியாது என்று பட்டது.

தை மாதம் டாக்டர்கள் கூடிப் பார்ப்பார்கள். என்னை வைத்துக்கொள்வதா, பென்ஷன் கொடுத்து அனுப்புவதா என்று அப்போது தெரியும். அதற்கு முன்னால் லீவு இருக்கிறது. எப்போதும் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

எப்படித் தாக்கல் செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். அம்மா அப்பாவிடமும் நீங்களே சொல்லுங்கள்.

பாண்டி


கொத்தமங்கலம்
16.9.2025

என் பாண்டிக்கு,

அப்பத்தா எழுதுவது. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். இனி உன் உடம்பைப் பற்றி நான் கேட்டால் நிஜத்தை எழுதவேண்டும்.

நேற்றுக் கடைசி நாள். ஆடிட்டர் ஆபீசில் நிற்க இடமில்லை. பூஜா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தது. 80U வந்ததும், பாட்டி நம்பர் சொல்லுங்க என்றது. சர்டிபிகேட்டைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக நானே சொன்னேன். பிறகு போனில் ஓடிபி வந்தது. அதையும் சொன்னேன். முடிந்தது. வரியில் கொஞ்சம் திரும்பி உன் பாங்குக்கு வருமாம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காத கேள்வி அது ஒன்றுதான் என்று முத்துராமன் சிரித்தார்.

நாச்சியாரிடம் சொன்னேன். அழுதாள், பிறகு மில்லுக்குப் போனாள், மறுபடி வந்து அழுதாள். உன் அப்பன் விஜயவாடாவில் இருந்தான். லாரியை ஓரம் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம், கிளீனர் சொன்னான்.

ஊருக்கு நானே சொன்னேன். நான் ஏற்றிவிட்டதை நான்தானே இறக்கவேண்டும். விசாலம் விடுவாளா? "ஏத்தா, மெடலுன்னீக. இப்பக் காதுன்றீக. நாளைக்கி என்னம்பீக?" என்றாள். "நாளைக்கி வீட்டுக்கு வர்றான்ம்பேன். நீ அவன்ட்டப் பேசணும்னா மூஞ்சிக்கு நேரா வந்து பேசு. முதுகுக்குப் பின்னாடி பேசுனா அவனுக்குக் கேக்காது. ஒனக்குத்தேன் கஷ்டம்" என்றேன். அழகுசுந்தரம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவன் மட்டும் பிறகு தனியாக வந்து, நான்தானே அத்தை மெடலுன்னு கிளப்பிவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நீ எங்கிட்டச் சொன்ன, நான் ஊரெல்லாம் சொன்னேன், இதுல ஒன் பங்கு கம்மி" என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். ஃப்ளெக்ஸைப் பையன்கள் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். உன் முகம் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி உள்பக்கமாக மடித்து வைத்திருக்கிறேன். மீதியை மாட்டுக்கொட்டகைக்குப் போடலாம்.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. உனக்கு எப்படி இருக்கும் என்று. முந்தாநாள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை இருந்தேன். கொஞ்சம் கேட்கத்தான் செய்தது, ஆனாலும் இருந்தேன். முதலில் பயம். அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை. கடைக்குப் போகும்போது பின்னால் சைக்கிள் வந்து இடித்தது. பிறகு ஒன்று புரிந்தது. காது கேட்காதபோது ஆட்களை ரொம்ப நேரம் பார்க்கிறோம். நாச்சியாருக்கு மேல் உதட்டில் ஒரு மச்சம் இருக்கிறது, இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாது. அவள் பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே என்னைத் திட்டுகிறாள் என்பதும் தெரியாது. என்ன திட்டுகிறாள் என்று படிக்க இன்னும் பழகவேண்டும். நீ எத்தனை நாளில் பழகினாய்? மீசை வைத்தவர்கள் பேசினால் புரியுமா? தூக்கத்தில் கனவு வந்தால் அதில் கேட்குமா? ஒவ்வொன்றுக்கும் எழுது.

நான் அழுவேன் என்று பயந்தாயே, அழுதேன். அது என் பாடு. நான் பெருமை பேசுகிறவள்தான். இனிமேலும் பேசுவேன். ஆனால் எதைப் பேசுவது என்று நீதான் எழுதவேண்டும், நானாகக் காகிதத்தில் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

நாளைக்கே லீவு எழுதிக் கொடு. எந்த ரயில் என்று எழுது. காரைக்குடி ஸ்டேஷனுக்கு நானே வருவேன். பின்னாலிருந்து கூப்பிடமாட்டேன். நீ இறங்குகிற பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பேன்.

அப்பத்தா
சோணையம்மாள்